கருவிக்கு அவகாசம் உண்டு, கைக்கு இல்லையா?

விஞ்ஞானத்தின் வளர்ச்சியைப் பாராட்டி ஒரு கட்டுரையேனும் வராத கல்லூரி மலர் இல்லை. கணிப்பொறி வந்தது, காலம் சுருங்கியது, தூரம் குறைந்தது என்று நாமும் மன்ற மேடைகளில் முழங்கிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். அவையெல்லாம் உண்மையே. ஆனால் அந்தக் கணிப்பொறியின் முன்னால் நாள்தோறும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்கிற குமாஸ்தாவைப் பற்றி, தட்டச்சரைப் பற்றி, கிராம அலுவலரைப் பற்றி நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்? ஒரு புதிய முறை வரும்போது அவர் படும் பாட்டைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்குவது நியாயமில்லை என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைப் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் என் சக மாணவர்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

இது நமக்கு வெளியே நடக்கிற கதையன்று. 2020 முதல் அரசு கலைக் கல்லூரிகளில் சேர விண்ணப்பிப்பதே இணையவழி ஆகிவிட்டது. நம் ஆசிரியர்களின் ஊதியப் பட்டியலும் இன்று கணிப்பொறி வழியாகத்தான் கருவூலத்துக்குப் போகிறது. பத்திரப் பதிவு அலுவலகங்களில் 2018-ல் புதிய மென்பொருள் வந்து, பத்திர விவரங்களை முன்கூட்டியே இணையத்தில் ஏற்றுகிற முறை நிலைபெற்றது. சேலத்து ஜவ்வரிசி ஆலையானாலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆபீஸானாலும் நாமக்கல் கோழிப்பண்ணையானாலும், கணக்குப் பிள்ளையின் மேசையில் நோட்டுப் புத்தகம் இருந்த இடத்தில் இன்று திரை இருக்கிறது. நோட்டு போய்த் திரை வந்ததைப் பார்த்தோம். அந்த மாற்றத்தை உட்கார்ந்து செய்து முடித்தவர் யார் என்று பார்த்தோமா?

தட்டச்சு மேசையில் நடந்தது

முதலில் தமிழையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குச் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழுக்குத் தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையை வகுத்தளித்தார். இத்தனை எழுத்துகளைக் கொண்ட மொழியைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கியது அருஞ்செயல். பின்வந்த தலைமுறைகளின் விரல்கள் தட்டச்சு முறைக்குப் பழகின. நம் ஊர்க் கடைவீதியில் மாடிப்படி ஏறினால் கேட்கும் ‘டக் டக்’ ஓசை அந்தப் பரம்பரையின் ஓசைதான். அரசுப் பணிக் கனவோடு எத்தனை ஏழை வீட்டுப் பெண்களும் பையன்களும் மாலை நேரங்களில் அந்தப் பலகைமேல் விரல் தேய்த்திருக்கிறார்கள்!

அந்தத் தட்டச்சின் இலக்கணம் கண்ணின் இலக்கணம். ‘கெ’ அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு ககரம். ‘கொ’ என்றால் கொம்பு, ககரம், கால் என மூன்று. தாளில் எது முன்னால் நிற்கிறதோ அதையே முதலில் அடிக்க வேண்டும்.

1999-ல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதையொட்டி ‘தமிழ் 99’ என்ற புதிய விசைப்பலகையை அரசு ஏற்றுக்கொண்டது. இதன் இலக்கணம் வேறு. இது காதின் இலக்கணம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘கொ’ வேண்டுமானால் ககரத்தை அடித்துப் பின் ஒகரத்தை அடித்தால் போதும். ‘பக்கம்’ என்று எழுதக் ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்தின்மேல் புள்ளி தானே வந்து உட்காரும். ‘அகக்கண்’ போன்ற சொற்களில் அப்படி உட்காரக் கூடாத இடத்தில் நடுவே ஓர் அகரத்தைத் தட்டி நிறுத்த வேண்டும். முதல் வகுப்பில் நாம் கற்ற உயிர், மெய், உயிர்மெய் என்ற வரிசையையே இது பின்பற்றுகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட எளிய பலகை இல்லை என்று நான் சொல்வேன்.

ஆனால் இருபது ஆண்டுகள் கொம்பை முதலில் அடித்துப் பழகிய விரலுக்கு இது எளிதா? அந்த விரல் யோசித்து அடிப்பதில்லை, தானே போகிறது. அதன் வேகமே அதில்தான் இருக்கிறது. புதிய பலகையில் உட்கார்ந்ததும் மணிக்குப் பத்துப் பக்கம் அடித்தவர் இரண்டு பக்கம் அடிப்பவராகிறார். நேற்றுவரை அலுவலகத்திலேயே வேகமானவர் என்று பெயரெடுத்தவர் இன்று எல்லோருக்கும் பின்னால் நிற்கிறார். இதில் விரலின் நோவைவிட மனத்தின் நோவு பெரிது. ஆங்கிலத்திலும் கதை இதுதான். 1870-களில் தட்டச்சுப் பொறிக்காக வந்த எழுத்து வரிசையே இன்றும் நம் கைபேசி வரை ஆள்கிறது. 1936-ல் டிவோராக் என்பார் வேறொரு வரிசைக்குக் காப்புரிமை பெற்றும், பழகிய விரல்கள் இடம் மாறவில்லை. அவை அமெரிக்க விரல்கள் என்பதால் யாரும் அவற்றைப் பிடிவாதக்கார விரல்கள் என்று சொல்லவில்லை.

விசைப்பலகையோடு தொல்லை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. கணிப்பொறி எழுத்தை எண்ணாக வைத்துக்கொள்கிறது. எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதை அந்நாளில் எழுத்துரு செய்தவர்கள் அவரவர் விருப்பப்படி வைத்தார்கள். அதன் பலனாக, சேலத்தில் அடித்த கடிதம் நாமக்கல்லில் திறந்தால் பொருளற்ற குறிகளாக நிற்கும். அடித்தவர் தவறே செய்யவில்லை. ஆயினும் ‘என்னய்யா அனுப்பியிருக்கிறீர்?’ என்ற கேள்வி அவருக்குத்தான் வரும். 1999-ல் ‘டாம்’, ‘டாப்’ என்ற தரங்கள் வந்தன. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாளில், யூனிகோடையும் ‘டேஸ் 16’ என்பதையும் தரமாக அரசு அறிவித்தது. உலகப் பொதுவான யூனிகோடிலோ தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. ஆக, தரம் பிறந்த நாளுக்கும் அரசு அதை ஏற்ற நாளுக்கும் இடையே ஏறத்தாழ 19 ஆண்டுகள். அறிஞர்களுக்கும் அரசுக்கும் முடிவெடுக்க 19 ஆண்டுகள் ஆகலாம். தட்டச்சர் மட்டும் திங்கட்கிழமை காலைக்குள் கற்றுவிட வேண்டுமாம்! இது எந்த ஊர் நியாயம்?

லாரி ஆபீஸில் கண்டது

நான் நாமக்கல்லை அடுத்த சிற்றூரிலிருந்து வருகிறவன். பகலில் கல்லூரி, மாலையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. லாரித் தொழில் நம் மண்ணின் உயிர்நாடி என்பதை விளக்க வேண்டியதில்லை. பாடி கட்டும் பட்டறைகளும் புக்கிங் ஆபீஸ்களும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

முன்பு லோடு ஏறியதும் பில்டி எழுதி டிரைவர் கையில் கொடுத்தால் வண்டி புறப்பட்டுவிடும். 2017 ஜூலை 1-ல் சரக்கு சேவை வரி வந்தது. 2018-ல் ‘இ-வே பில்’ வந்தது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமானால் இணையத்தில் அந்த பில் எடுக்காமல் வண்டி நகரக் கூடாது. முதல் பகுதியில் சரக்கின் விவரம், இரண்டாம் பகுதியில் வண்டியின் எண். வழியில் வண்டி பழுதாகி லோடு வேறு வண்டிக்கு மாறினால் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். பில்லுக்கு ஆயுளும் உண்டு. தொடக்கத்தில் நூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இருந்தது, 2021 ஜனவரி முதல் இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றாயிற்று. வழியில் தாமதமானால் ஆயுள் முடிவதற்கு முன்னோ பின்னோ எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்க வேண்டும். வண்டி நாக்பூர் அருகே நள்ளிரவில் நின்றால் நாமக்கல்லில் குமாஸ்தா விழித்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளாகப் பில்டி எழுதியவர். எந்த ஊருக்கு எவ்வளவு டீசல், எந்தச் சாலையில் எத்தனை நாள் என்பதை மனக்கணக்காகச் சொல்லுவார். திரை வந்த பிறகு அவர் பேச்சுக் குறைந்துபோயிற்று. ஒருநாள் திரையில் சிவப்பாக வந்து நின்ற ஆங்கில வரியைக் காட்டி என்னிடம் சொன்னார்: “எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு எவனாச்சும் சொல்லட்டும் பாக்கலாம் கண்ணு. இந்தப் பொட்டி என்னத்தைக் கேக்குதுன்னுதான் தெரிய மாட்டேங்குது.” இந்த ஒரு வாக்கியத்தில் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. அவருக்கு வேலை தெரியும். ஆனால் கருவி கேட்கிற கேள்வியை அவர் அறிந்த மொழியில் யாரும் சொல்லித் தரவில்லை. முதலாளி இரண்டு மணி நேரம் ஒரு பையனை அழைத்து வந்து காட்டச் சொன்னார். பையன் வேகமாகக் காட்டிவிட்டுப் போனான். பயிற்சி அத்தோடு சரி. அடுத்த வாரம் வண்டி எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போனதற்கு அபராதத்தை அவர் சம்பளத்திலேயே பிடித்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, இந்த இ-வே பில் முறை நாடு முழுவதும் தொடங்குவதாக இருந்த நாள் 2018 பிப்ரவரி 1. அன்றைக்கே இணையதளம் பளு தாங்காமல் படுத்துவிட்டது. உடனே அரசு திட்டத்தையே ஒத்திவைத்தது. ஏப்ரல் 1-ல்தான் மாநிலங்களுக்கிடையிலான சரக்குக்கு அது நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது, அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய வரித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறியிருப்பது போன்ற சிறு பிழைகளுக்காக வண்டியைப் பிடித்து வைக்கக் கூடாது, மத்திய, மாநிலச் சட்டங்களின் கீழ் தலா ஐந்நூறு ரூபாய் அபராதம் விதித்தால் போதும் என்பதே அதன் சாரம். அதாவது கருவி தடுமாறியபோது இரண்டு மாத அவகாசம் கிடைத்தது. விரல் தடுமாறும் என்பதையும் அரசே ஒப்புக்கொண்டது. இந்தப் பெருந்தன்மை கடையின் கல்லாப்பெட்டி வரையில் வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எதிர்ப்பு என்பது என்ன?

‘தொழிலாளி என்றாலே இயந்திரத்தை எதிர்ப்பவன்’ என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1811-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் பின்னல் தொழிலாளர்கள் சட்டகங்களை உடைத்தார்கள். அவர்கள் அந்தச் சட்டகங்களிலேயே வேலை செய்து வாழ்ந்தவர்கள். கூலியைக் குறைத்து மட்டமான சரக்கை விற்ற முறையையே அவர்கள் எதிர்த்தார்கள். தறி ஓசை கேட்டு வளர்ந்த சேலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாததல்ல. 1960-களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவில் கணிப்பொறி நிறுவ முனைந்தபோது ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம்.

ஆனால் வங்கிகளில் என்ன நடந்தது? 1983-ல் வங்கி நிர்வாகங்களின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, இயந்திரங்களை எவ்வளவு, எந்த வேலைக்குப் பயன்படுத்துவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. ரங்கராஜன் குழு 1984-ல் அறிக்கை தந்தது. முதலில் பேரேடு பதியும் இயந்திரங்கள், பிறகு கிளைக்குள் கணிப்பொறி, பிறகு 2000-களில் எல்லாக் கிளைகளையும் இணைத்த முறை என்று படிப்படியாக மாற்றம் வந்தது. தொல்லை இல்லாமல் இல்லை. ஆனால் பேசி, படி வைத்து ஏறினார்கள்.

நம் தமிழகத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. பெரியார் 1935-லிருந்தே தம் ஏட்டில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-ல் அரசு ஏற்றது. ணை, லை, னை முதலிய எழுத்துகளின் பழைய துதிக்கை வடிவங்கள் போய் இன்றைய வடிவம் வந்தது. அச்சகங்கள் எழுத்தை மாற்றின, பாடநூல்கள் மாறின. முதியவர்கள் கையெழுத்தில் பழைய வடிவத்தையே எழுதி வந்தார்கள். பிள்ளைகள் புதியதை எழுதிக்கொண்டே தாத்தாவின் கடிதத்தையும் படித்தார்கள். பழையதும் புதியதும் சில காலம் அருகருகே வாழ இடம் இருந்தது. அதனால் யாரும் ஒரே இரவில் எழுத்தறியாதவர் ஆகிவிடவில்லை.

மறுப்புக்கு மறுமொழி

‘புதிய முறையால் நன்மை இல்லையா?’ என்று கேட்கலாம். நிச்சயமாக உண்டு. சரக்கு சேவை வரி வந்ததும் மாநில எல்லைகளில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. டிரைவர்கள் அங்கே வரிசையில் காத்துக் கிடந்த காலம் போயிற்று. யூனிகோடில் அடித்த தமிழை இன்று எந்த நாட்டிலும் எந்தக் கைபேசியிலும் படிக்கலாம், தேடலாம். இவற்றை வேண்டாமென்று சொல்பவன் நான் அல்லன். நன்மை எல்லோருக்கும் போகிறது, கற்கும் சுமை மட்டும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழுகிறது. அந்தப் பங்கீட்டைத்தான் கேள்வி கேட்கிறேன்.

‘இளைஞர்களுக்கு இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு, வயதானவர்களுக்குத்தான் கஷ்டம்’ என்றும் சொல்வார்கள். நண்பர்களே, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். கைபேசியில் படம் பார்ப்பதும் ஒரு பட்டியலைப் பிழையின்றி அட்டவணையில் ஏற்றுவதும் ஒன்றல்ல. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிப் பழகிய நம்மில் எத்தனை பேர் ஓர் அரசாணையைத் தமிழில் விரைவாக அடித்துக் கொடுப்போம்? இன்று நாம் கற்கிற மென்பொருள் நாம் நாற்பது வயதை எட்டும்போது இருக்கப் போவதில்லை. அன்று நம்மைப் பார்த்து ஒரு பையன் பெருமூச்சு விடுவான். இன்று பெரியவர்களுக்காகக் கேட்கும் நியாயம், நாளை நமக்காகக் கேட்கும் நியாயமே.

செய்ய வேண்டியவை

குறை சொல்வதோடு நிற்பது மாணவனுக்கு அழகல்ல. என் சிற்றறிவுக்கு எட்டிய சில யோசனைகளைச் சொல்கிறேன்.

முதலாவதாக, புதிய முறையைப் புகுத்துமுன் அந்த வேலையைக் கையால் செய்கிறவரைக் கேட்க வேண்டும். எந்த விவரம் முதலில் வரும், எது கடைசியில் கிடைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவதாக, கற்கும் காலத்தில் வேலைப் பளுவைக் குறைக்க வேண்டும். பயிற்சி என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமையைப் பறித்துக்கொள்வது பயிற்சியாகாது. இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டுவதைவிட நாளுக்கு அரைமணி வீதம் ஒரு மாதம் பழக்குவது மேல்.

மூன்றாவதாக, திரை தமிழில் பேச வேண்டும். குறைந்தபட்சம் பிழைச் செய்திகளாவது தமிழில் வர வேண்டும். ‘என்ன தவறு, எப்படித் திருத்துவது’ என்று இரண்டு வரி போதும். தாய்மொழியில் நூறு கணக்குப் போடுகிறவரை அயல்மொழியில் ஒரு வரி காட்டித் திகைக்க வைப்பது அறிவுடைமையாகாது.

நான்காவதாக, முதல் சில மாதங்களின் பிழைகளுக்குச் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. தண்டனைக்கு அஞ்சுகிறவர் புதியதைத் தொட்டுப் பார்க்கவே மாட்டார். தொட்டுப் பாராதவர் கற்கவும் மாட்டார்.

ஐந்தாவதாக, கண்ணையும் முதுகையும் மறக்கக் கூடாது. திரையின் உயரம், நாற்காலியின் உயரம், இடையிடையே பார்வையைத் தொலைவில் செலுத்தும் ஓய்வு ஆகியவை செலவில்லாத மருந்துகள்.

நம் கல்லூரியும் ஒன்று செய்யலாம். கணிப்பொறி அறிவியல் துறையின் ஆய்வகம் மாலையில் பூட்டிக் கிடக்கிறது. அதில் தமிழ் 99 பலகையை நம் மாணவர் அனைவருக்கும் கற்பிக்க ஒரு பருவம் போதும். தட்டச்சுத் தேர்வுக்குப் பழைய பலகையில் பயில்வோரும் இதையும் சேர்த்துப் பழகிக்கொண்டால் நாளை தடுமாற வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சிறப்பு முகாமில் மரம் நடுவதோடு, அக்கம்பக்கத்துக் கூட்டுறவுச் சங்கங்களிலும் லாரி ஆபீஸ்களிலும் உள்ள பெரியவர்களுக்கு அருகில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித் தரலாம். அவர்கள் நமக்குத் திருப்பிக் கற்றுத் தரவும் நிறைய வைத்திருக்கிறார்கள். ஒரு மூட்டை மாவின் எடையையும், ஒரு லோடின் போக்கையும் பார்வையாலேயே கணிக்கும் அறிவு எந்த மென்பொருளிலும் இல்லை. முதல்வர் அவர்களும் பேராசிரியப் பெருமக்களும் இந்த வேண்டுகோளைக் கருத வேண்டுகிறேன்.

இந்த மலரைப் படிக்கிற நண்பர்களில் சிலர் நாளை அதிகாரிகள் ஆவீர்கள். சிலர் மென்பொருள் எழுதுவீர்கள். சிலர் அப்பாவின் கடையை ஏற்று நடத்துவீர்கள். உங்கள் ஆணையால் ஒரு புதிய முறை ஓர் அலுவலகத்துக்குள் நுழையும் நாள் வரும். அன்று இயந்திரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியையும், தொடக்க விழாவுக்குக் குறிக்கும் நாளுக்கு முன்னால் ஒரு மாதத்தையும், அதை இயக்கப் போகிறவருக்கு ஒதுக்கி வையுங்கள். அதைக் கேட்பது முன்னேற்றத்துக்குத் தடைபோடுவது ஆகாது. உழைப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள் என்று கேட்பதுதான்.